ஏழேகால் டிஎம்சியில் மீனுக்கு எத்தனை?

ஏழேகால் டிஎம்சி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் பக்கம் பிறந்த யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார்கள். 1970 மே 29-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று முன்தேதியிட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, தமிழ்நாடு வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை எல்லையோர மணக்கடவில் அளந்து, கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்கு விட வேண்டும். எங்கள் வீடு கேரளத்தில், சம்பந்தி வீடு பொள்ளாச்சியில். சித்தூர் ஆற்றில் தண்ணீர் குறைகிற வருடம் கல்யாண வீட்டுப் பந்தியில் கூட இந்த ஏழேகால் வந்து உட்கார்ந்துகொள்ளும். பருப்பு ஊற்றுவதற்குள் யார் பக்கம் நியாயம் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் நெல் உண்டு, தென்னை உண்டு, குடிநீர் உண்டு. மின்சாரம் தனியாக, மலைக்கு அந்தப் பக்கம் உண்டு. மீன் கிடையாது.

மீனை யார் யோசித்தார்கள் என்று கேட்டால் எங்கள் அப்புச்சியை, அம்மாவின் அப்பாவைத்தான் சொல்வேன். சின்ன வயதில் ஒரு நாள், வரப்பைத் தொட்டுக்கொண்டு ஓடிய ஆறு விடிந்து பார்த்தால் பாதியாகக் கிடந்தது. மேலே எங்கோ யாரோ ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள். பாறைக் குழிகளில் கெண்டையும் கெளுத்தியும் துள்ளிக்கொண்டிருந்தன, நாங்கள் குண்டாவோடு ஓடினோம். ஊரே சந்தோஷமாக அள்ளியபோது அப்புச்சி மட்டும் கரையில் நின்று, "அடைக்கறதுன்னா மெதுவா அடைக்கறதுக்கு என்னடா கேடு, எல்லாம் சினையாப் போச்சே" என்றார். அந்தக் குழம்பு ருசியாக இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் இன்று உலகம் முழுக்க அணைக்குக் கீழே தண்ணீர் அளவு வைப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம் என்று பின்னால்தான் தெரிந்தது.

இடம் மாறும் மீன் என்றவுடன் டிவியில் பார்த்த சால்மன் மீன்தான் நினைவுக்கு வரும், கரடி வாயைத் திறந்துகொண்டு நிற்கும், இது எகிறும். நம் ஆற்றிலும் மீன் ஏறுகிறது, இறங்குகிறது, எகிறுவதில்லை என்பதால் நாம் கண்டுகொள்வதில்லை. ஜூன் மாதம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை விழுந்து முதல் கலங்கல் தண்ணீர் வரும்போது வாளை, விரால், கெளுத்தி, தேளி, பெரிய பரல் எல்லாம் ஆற்றிலிருந்து ஓடை வழியாக வயலுக்கும் தாழ்வான நிலத்துக்கும் முட்டையிட ஏறும். மலையாளத்தில் இந்த ஏற்றத்துக்கு 'ஊத்த' என்று பெயர். நம் தமிழில் ஊத்தா என்றால் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் மூங்கில் கூடை. ஒரே சொல், அந்தப் பக்கம் மீனின் பயணம், இந்தப் பக்கம் அதைப் பிடிக்கும் கூடை. எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு அர்த்தமும் ஒரே நாளில் பயன்படும். சினையோடு ஏறும் மீனைப் பிடிப்பது கேரளத்தில் 2010-ம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி குற்றம். பிடிக்கிறவனுக்குத் தண்டனை இருக்கிறது. மீன் ஏறவே முடியாதபடி அந்த முதல் தண்ணீரை மேலே பிடித்து வைப்பதற்கு எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஆள் என்று நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் அதே விலாங்கு. உண்மையில் அது காட்டுவது ஆற்றுக்கு ஒரு முகம், கடலுக்கு ஒரு முகம். பல வருடம் ஆற்று மடுவிலும் பாறை இடுக்கிலும் வளர்ந்து, பருவம் வந்ததும் வெள்ளத்தோடு இறங்கி இந்தியப் பெருங்கடலுக்குப் போய், அங்கே முட்டையிட்டுச் செத்துப்போகும். இலை மாதிரி தட்டையாக மிதக்கும் குஞ்சுகள் கடலோரம் நெருங்கும்போது கண்ணாடி போல உருமாறி, முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் நுழைந்து மேலே மேலே ஏறும். சால்மன் செய்வதற்கு நேர் எதிர். ஆக, ஒரே ஆற்றில் ஒன்று ஜூனில் மேலே போக வேண்டும், இன்னொன்று மழை முடிகிற சமயத்து வெள்ளத்தில் கீழே போக வேண்டும், அதன் குஞ்சு வேறொரு நேரத்தில் கடலிலிருந்து வர வேண்டும். வருடத்துக்கு இத்தனை டிஎம்சி என்று ஒரே எண்ணை எழுதி வைத்தால் இந்த மூன்றில் எதற்கும் அது பதில் ஆகாது.

எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. அதை ஒரே நாளில் விட்டால் நொடிக்கு 11,574 கனஅடி, பாலத்துக்கு மேலே ஓடும். அதையே வருடம் முழுக்கப் பரப்பினால் நொடிக்கு வெறும் 32 கனஅடிக்குக் கொஞ்சம் கீழே. நமது 7.25 டிஎம்சியைச் சமமாகப் பரப்பினால் ஏறக்குறைய 230 கனஅடி வரும். ஆனால் யாரும் அப்படிச் சமமாக விடுவதில்லை, விடவும் முடியாது, நாற்றுக்கும் கதிருக்கும் ஏற்ற மாதிரிதான் திறப்பார்கள். வருடக் கடைசியில் ஏழேகால் சரியாக வந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட அதே வருடத்தில், ஆற்றில் ஒரு மீன்கூட ஏறாமல் போயிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

அணை மீனுக்குச் செய்வது குறுக்கே நிற்பது மட்டும் இல்லை. குறுக்கே நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாதது மூன்று. ஜூன் ஆரம்பத்தில் அணை வறண்டு கிடக்கும், அப்போது வரும் முதல் வெள்ளம் முழுவதையும் அது குடித்துவிடும். மீனுக்கு அந்த வெள்ளம்தான் 'கிளம்பு' என்கிற சொல். மட்டம் உயர்வது, தண்ணீர் கலங்குவது, குளிர்வது, மண் வாசனை எல்லாம் சேர்ந்துதான் சினை மீனைக் கிளப்பும். சித்தூரின் கிழக்குப் பக்கம் மழை மறைவு வேறு, எங்களுக்கு ஆற்றில் வருகிற ஜூன் கலங்கலில் பெரும்பகுதி ஆனைமலை உச்சியில் பெய்ததுதான், அது ஆழியாறு அணையில் போய் உட்கார்ந்துவிட்டால் இங்கே மீனுக்கு ஜூன் பிறந்ததே தெரியாது. இரண்டாவது, ஏறி இறங்கும் வேகம். இயற்கையில் வெள்ளம் ஏறுவது வேகம், வடிவது மெதுவாக, நாள் கணக்கில் ஆகும். ஷட்டர் இறக்குவது சில நிமிட வேலை. மூன்றாவது, கோடையில் வரும் தலைகீழ் நிலைமை. இயல்பாக மெலிந்து ஓட வேண்டிய மாதத்தில் பாசனத்துக்காக ஆறு நிறைந்து ஓடும், நிறைய வேண்டிய மாதத்தில் மெலிந்து கிடக்கும்.

1997-ல் லெராய் பாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதிய ஒரு கட்டுரை இதை ஐந்து கேள்வியாகச் சுருக்கியது: எவ்வளவு, எத்தனை தடவை, எத்தனை நாள், எப்போது, எவ்வளவு வேகத்தில் மாறுகிறது. நம் ஒப்பந்தங்கள் எல்லாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

சரி, அப்படியானால் அளவை எப்படி வைக்கிறார்கள்?

சுலபமான வழி சதவீதம். 1976-ல் டொனால்ட் டெனன்ட் என்பவர் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் ஓடைகளை அளந்து ஒரு அட்டவணை போட்டார். வருடச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீன் கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், 30 என்றால் பரவாயில்லை, 60 என்றால் அருமை. கால்குலேட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை என்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் அளந்தது மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா பக்கத்து ஓடைகளை, பனி உருகி ஓடுகிற ஊர்கள். வருடத் தண்ணீரில் பெரும்பங்கை மழைக்காலத்தில் கொட்டிவிட்டு மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஆற்றில் 'வருடச் சராசரியில் 10 சதவீதம்' என்பது ஜூனில் கேலிக்கூத்து, ஏப்ரலில் சில இடங்களில் இயற்கையே தராத அளவு. நம் நாட்டிலும் சதவீத வழிதான் பிடித்திருக்கிறது. 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஆறுகளில் வறள்காலச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதமாவது விட வேண்டும் என்றது. 2018 அக்டோபரில் மத்திய அரசு கங்கைக்குத் தனியாக அறிவிக்கை போட்டது, அது கொஞ்சம் பரவாயில்லை. மேல் கங்கையில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று பருவம் பிரித்திருக்கிறார்கள். கங்கைக்குக் கிடைத்த அந்தப் பருவக்கணக்கு கூட நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளுக்கு இன்னும் வரவில்லை.

இரண்டாவது வழி, ஆற்றில் இறங்கி அளப்பது. இதைச் சொல்லத் தாம்பாளம் நல்ல உதாரணம். காலித் தாம்பாளத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அடித்தட்டு முழுக்கப் பரவிவிடும். இரண்டாவது சொம்பில் பரப்பு கூடாது, ஆழம்தான் கூடும். ஆறும் அப்படித்தான், ஓரளவு ஓட்டம் வரும்வரை படுகை வேகமாக நனையும், கரையின் காலைத் தொட்டபிறகு நனையும் பரப்பு அவ்வளவாகக் கூடாது. அந்தத் திருப்பம் எந்தக் கனஅடியில் வருகிறதோ அதற்குக் கீழே இறங்கவிடாதே என்பது ஒரு விதி. மீன் தின்னும் புழு பூச்சியெல்லாம் இந்த நனைந்த பரப்பில்தான் இருக்கிறது.

ஆனால் ஏறும் மீனுக்கு அது போதாது. அதற்கு ஆற்றின் சராசரி ஆழம் எதற்கு? வழியில் இருக்கும் மிக மோசமான இடம்தான் வேண்டும். இரண்டு மடுவுக்கு நடுவே கூழாங்கல்லின் மேல் ஆறு கணுக்கால் அளவு மெலிந்து சலசலக்கும் இடம் இருக்கும், அங்கே முதுகு நனையும் அளவுக்காவது தண்ணீர் இல்லையென்றால் மீன் முந்தைய மடுவிலேயே நின்றுவிடும். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1970-களில் வைத்த ஒரு விதி, இப்படிப்பட்ட மேட்டில் ஆற்றின் அகலத்தில் கால்பங்குக்காவது அந்த மீனுக்கு வேண்டிய ஆழம் இருக்கணும் என்று கேட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், முழங்கால்வரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு அளவுகோலோடு நடந்தால் போதும். எந்த ஊரில் எந்த மேட்டில் மீன் நிற்கும் என்று கேட்டால் வலை போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், அங்கேதானே காத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, எங்கள் சித்தூர் ஆறு போய்ச் சேரும் பாரதப்புழாவுக்கு அது பெரிய சிக்கல். ஓட்டமும் மட்டமும் ஒன்றில்லை. அதே 230 கனஅடி, மணல் நிறைந்த பழைய படுகையில் ஒரு மட்டத்தில் போகும், வருடக்கணக்காக மணல் அள்ளிக் குழியாகிப்போன படுகையில் வேறொரு மட்டத்தில் போகும். ஓடை வந்து ஆற்றில் சேரும் வாய் அப்போது மேலே தொங்கிக்கொண்டு நிற்கும், ஆற்று மீனுக்கு அது ஒரு சின்ன அணை மாதிரி. ஆகவே கனஅடியில் மட்டும் எழுதினால் பத்து வருடத்தில் அந்த எண் பொய்யாகிவிடும். இன்ன பாலத்துத் தூணில் இந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று மட்டத்திலும் எழுத வேண்டும்.

மட்டத்தில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பானவில் அணைக்குக் கீழே சம் என்கிற வகை சால்மன் நவம்பரில் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிடும். குஞ்சு வெளியே வர ஏப்ரல் ஆகும். அதுவரை அந்தக் கூழாங்கல் மேடு வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அணைக்குக் கீழே மட்டம் 11.5 அடி அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதே ஆற்றில் இன்னும் மேலே, பிரீஸ்ட் ராப்பிட்ஸ் அணைக்குக் கீழே வெர்னிடா பார் என்ற இடத்துக்கு 1988-ல் போட்ட ஒப்பந்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்குள்ள சினூக் சால்மன் பெரும்பாலும் பகலில்தான் முட்டையிடும் என்று கவனித்தார்கள். பகலில் தண்ணீரை நிறைய விட்டால் மீன் மேட்டின் உச்சிவரை போய் முட்டையிட்டுவிடும், அப்புறம் குளிர்காலம் முழுக்க அந்த உச்சியை நனைத்து வைக்க ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். அதனால் முட்டையிடும் வாரங்களில் பகலில் குறைத்து, இரவில் கூட்டினார்கள், மீன் தாழ்வான இடத்திலேயே முட்டையிட்டுவிட்டது. அந்த மட்டத்தைக் காப்பது சுலபம். மின்சாரம் பகலில்தான் நல்ல விலைக்குப் போகும், ஆகவே வழக்கமான நடைமுறைக்கு இது நேர்த் தலைகீழ். மீனின் ஒரு பழக்கத்தைக் கவனித்ததால் ஒரு பருவம் முழுக்கத் தண்ணீர் மிச்சம். அதிகம் கொடு என்று கேட்பதைவிட எப்போது கொடுப்பது என்று கேட்பது மலிவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அங்கேயும் எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் சம் மீனுக்காக விட்ட தண்ணீர், வசந்தத்தில் மேலே உள்ள கிராண்ட் கூலி அணை நிரம்புவதற்கு இல்லாமல் போகும். அந்த வசந்தத் தண்ணீரில்தான் வேறு சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்க வேண்டும். வறட்சி வருடத்தில் இந்த மீனா அந்த மீனா என்று கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள், சில சமயம் சம் மீனின் கூடுகளைக் கைவிட்டுவிடுகிறார்கள். நெல்லுக்கும் மீனுக்கும் இடையில்தான் சண்டை என்று நினைப்போம், மீனுக்கும் மீனுக்கும் கூட இருக்கிறது.

இப்போது மலைக்கு அந்தப் பக்கம், சாலக்குடியாறு. பரம்பிக்குளத்தில் தேங்கும் தண்ணீர் இயல்பாகச் சாலக்குடியாற்றுக்குப் போக வேண்டியது. அது தூணக்கடவு வழியாகச் சுரங்கத்தில் சர்க்கார்பதிக்கு வந்து நம் சமவெளிக்குத் திரும்புகிறது. பொள்ளாச்சி, உடுமலைத் தோட்டங்கள் பச்சையாக இருப்பது இதனால்தான், அதைக் குறை சொல்லும் யோக்கியதை அந்தத் தண்ணீரில் விளைந்த தேங்காயைத் தின்றவனுக்கு இல்லை. ஆனால் மிச்சம் போகும் தண்ணீர் பெரிங்கல்குத்து அணையில் நின்று, மின்சாரத் தேவைக்கு ஏற்ப அவிழ்கிறது. கேரளத்தில் சாயங்காலம் விளக்கு போடும் நேரம்தான் தேவை உச்சம். அந்நேரம் டர்பைன் ஓடினால் ஆறு ஏறும், நின்றால் இறங்கும். கீழே அதிரப்பள்ளி அருவியைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் காலையில் ஒரு அருவி, வேறொரு நேரத்தில் வேறொரு அருவி. நூறு வகைக்கு அருகில் நன்னீர் மீன் உள்ள ஆறு அது, மஹ்சீரும் விலாங்கும் உண்டு. தினமும் ஏறி இறங்கும் தண்ணீரில் கரையோர ஆழமில்லா இடத்தில் ஒதுங்கும் குஞ்சுகள்தான் முதலில் மாட்டும். ஐரோப்பாவில் சால்மன், டிரவுட் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து, மட்டம் மணிக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்ற மாதிரி ஒரு விதி பேசப்படுகிறது. சுவிட்சர்லாந்து இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்ய நீர்மின் நிலையங்களுக்கு 2030 வரை கெடு வைத்துச் சட்டமே போட்டிருக்கிறது. நம் பரலுக்கும் கெளுத்திக்கும் பத்து சென்டிமீட்டர்தானா, ஐந்தா, பதினைந்தா என்பதை இங்கேயே நின்று அளந்துதான் சொல்ல வேண்டும், கடன் வாங்க முடியாது.

அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் மின்திட்டம் வேண்டும், வேண்டாம் என்று பல வருடம் சண்டை நடந்தது. அப்போது அருவிக்கு நொடிக்கு 7.65 கனமீட்டர் விட்டுவிடுகிறோம் என்று ஒரு எண்ணைச் சொன்னார்கள், அதாவது 270 கனஅடி. அருவி பார்க்க அழகாகத் தெரிய எவ்வளவு வேண்டும் என்பதுதான் அந்த விவாதத்தில் பெரிதாக ஓடியது. வாழச்சால் காடர் பழங்குடியினர் அந்த ஆற்றில் மீன் பிடித்து வாழ்கிறவர்கள், தண்ணீர் ராத்திரி எப்படி ஏறும் இறங்கும் என்று அவர்களுக்குத்தான் உடம்பால் தெரியும். திருச்சூரில் நதி ஆய்வு மையம் நடத்தி வந்த லதா, 2017-ல் மறைந்தார், அவரும் அவரோடு இருந்தவர்களும் வேறு கேள்வி கேட்டார்கள்: புதிய அணை வேண்டுமா என்பதை விடுங்கள், இருக்கிற அணைகளை இயக்கும் முறையை மாற்றி ஆற்றுக்கு அதன் தாளத்தைத் திருப்பித் தர முடியுமா? முப்பது சொச்சம் வருடமாக நான் கேட்ட அணைப் பேச்சுகளில் இது ஒன்றுதான் இரண்டு மாநிலத்துக்கும் பொருந்தும் கேள்வி.

தாளம் தப்பினால் என்ன ஆகும் என்பதை 2022 செப்டம்பர் 21 விடியற்காலையில் பார்த்தோம். பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று உடைந்து போய், சுமார் 20,000 கனஅடி தண்ணீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடியாற்றில் இறங்கியது. மனிதர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள், கரையோரம் இருந்தவர்கள் விலகினார்கள், அது நல்லபடியாக முடிந்தது. விபத்தை யாராலும் அட்டவணை போட முடியாது. ஆனால் அட்டவணை போட்டுச் செய்கிற திறப்பும் மூடலும் மீன் பார்வையில் அந்த விபத்தின் குட்டிப் பதிப்பாகவே இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

விலாங்குக்குத் திரும்பி வருவோம். பொன்னானியில் ஒரு கண்ணாடி விலாங்கு பாரதப்புழாவுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே 2012-ல் திறந்த சம்ரவட்டம் ரெகுலேட்டர். அதன் ஷட்டரும் அடித்தளமும் ஒழுகுகின்றன என்று திறந்த நாளிலிருந்து பல வருடம் பேச்சு. பாசனத்துக்கு அது கேடு, விலாங்குக் குஞ்சுக்கு அந்த ஒழுக்குதான் வாசல், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்புறம் திருத்தாலா பக்கம் வெள்ளியாங்கல்லு, அதற்கு மேலே வரிசையாகத் தடுப்பணைகள். மேலே ஏறி சித்தூர் ஆற்றுக்குள் வந்தால் மூலத்தறை, மணக்கடவு, அதற்கும் மேலே பெரியணை, அரியாபுரம் என்று ஆனைமலைப் பழைய ஆயக்கட்டின் அணைக்கட்டுகள், கடைசியில் ஆழியாறு. ஈரமான சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும் திறமை குஞ்சு விலாங்குக்கு உண்டு, ஈரம் இருந்தால். சுவர் காய்ந்திருந்தால் முடிந்தது. ஒரு தடுப்பணையின் ஓரத்தில் கல்லும் சரளையும் போட்டுச் சரிவாக்கி, அதன் மேல் வாய்க்கால் அளவு தண்ணீர் கசியவிட்டால் அது ஏறிவிடும்.

மீன் ஏணி கட்டலாமே என்பார்கள். 1873-லேயே பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார மருத்துவர், காவிரி, கொள்ளிட அணைக்கட்டுகள் கடலிலிருந்து ஏறும் உல்லம் மீனை மறிக்கின்றன என்று அரசுக்கு அறிக்கை எழுதினார். மீன் ஏற வழி வைத்துப் பார்த்தார்கள், உல்லம் அதில் ஏற மனசு வைக்கவில்லை. 1934-ல் மேட்டூர் வந்தது, கலங்கல் வெள்ளமும் நின்றது, காவிரி உல்லம் இன்று தாத்தாக்கள் பேச்சில்தான் இருக்கிறது. தாய்லாந்தில் பாக் மூன் அணையில் ஏணி கட்டி மீன் ஏறாமல், மீனவர்கள் வருடக்கணக்காகப் போராடி, கடைசியில் அரசு வருடத்துக்கு நான்கு மாதம் மதகுகளையே திறந்துவைக்கச் சம்மதித்தது. ஏணி மோசம் என்று சொல்ல வரவில்லை. ஏணியின் காலடிக்கு மீனைக் கொண்டு வருவது தண்ணீர் ஓட்டம்தான், அதைச் சரிசெய்யாமல் ஏணி கட்டுவது பஸ் வராத ஊரில் பஸ் ஸ்டாண்ட் கட்டுகிற மாதிரி.

இதற்கெல்லாம் எவ்வளவு தண்ணீர் செலவு என்றுதான் அடுத்த கேள்வி வரும், வர வேண்டியதுதான், கடைமடைக்காரன் கேட்காவிட்டால் யார் கேட்பது. நானே போட்டுப் பார்த்த கணக்கு இது. ஜூன் முதல் மழையோடு சேர்த்து மூன்று நாள், நொடிக்கு 500 கனஅடி, ஆழியாற்றிலிருந்து விட்டால் மொத்தம் 0.13 டிஎம்சி. ஏழேகாலில் இது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. 3.86 டிஎம்சி கொள்ளளவுள்ள ஆழியாறு அணையில் மூன்றரை சதவீதத்துக்குள். 500 சரியான எண்தானா என்பதை அந்த மேடுகளில் அளவுகோலோடு நடந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும், இருநூறில் கூட மீன் ஏறலாம். அந்தத் தண்ணீர் வீணும் இல்லை, மணக்கடவில் அளந்து கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம், மூலத்தறையில் ஏரி குளத்துக்குத் திருப்பலாம். மெதுவாக மூடுவதற்கோ ஒரு சொட்டுக் கூடுதல் செலவு கிடையாது என்று சொல்ல ஆசை, உண்மையில் கொஞ்சம் ஆகும், ஆறு மணி நேரம் தாழ்த்தித் தாழ்த்தி மூடும்போது போகும் தண்ணீர். தடுப்பணைப் பலகைகளை மே கடைசியில் கழற்றிவிடுவதற்குத் தண்ணீரே செலவில்லை, பலகையைக் கழற்ற ஆள் கூலிதான். மழை வந்து வெள்ளம் முட்டிய பிறகு அவசரமாகக் கழற்றுவதை ஒரு வாரம் முன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் மழை பொய்த்தால் என்ன செய்வது என்று பொள்ளாச்சி மாமா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மழை பெய்யாத ஜூனில் மீனும் கிளம்பாது, ஆகவே நாள் குறித்து விட வேண்டாம், அணைக்கு வரும் நீர்வரத்து இத்தனை கனஅடியைத் தாண்டினால் அதில் இவ்வளவு பங்கை மூன்று நாள் கீழே விடு என்று எழுத வேண்டும். வரத்து இல்லையென்றால் விடவும் வேண்டாம். வறட்சியை மீனும் பங்குபோட்டுக்கொள்ளும், இயற்கையிலும் அப்படித்தானே.

ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். ஆனால் நாளைச் சொல்லி நிபந்தனை வைப்பது இந்த ஒப்பந்தத்துக்குப் புதிதில்லை. கேரள சோலையாறு அணை செப்டம்பர் 1, பிப்ரவரி 1 இரண்டு நாளும் நிரம்பியிருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது, அந்த அணைக்கு வருடத்துக்கு 12.3 டிஎம்சி என்ற கணக்கு போதாமல், மின்சாரம் எப்போது வேண்டும் என்று யோசித்து எழுதிய வரி அது. முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம் என்றும் இருக்கிறது, அந்தக் கெடு 1988-லேயே வந்துபோய், எத்தனையோ சுற்றுப் பேச்சு நடந்து, நடந்துகொண்டே இருக்கிறது. கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் கூடும்போதெல்லாம் இரண்டு பக்கமும் எத்தனை கனஅடி, எத்தனை நாள் என்றுதான் பேசுகிறார்கள். மூடும் வேகம் என்று ஒரு வரியை அந்த அட்டவணையில் சேர்க்க மறுபரிசீலனைக்காகக் கூட காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஒப்பந்தத்தின் நீர் ஆண்டு ஜூலை 1-ல் பிறந்து ஜூன் 30-ல் முடிகிறது. அதாவது மழை பிடித்து மீன் கிளம்புகிற ஜூன், கணக்குப் புத்தகத்தில் வருடத்தின் கடைசி மாதம். அணைகள் அடியில் கிடக்கும், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கூட்டிக் கழிக்கும் நேரம், எந்தப் பொறியாளரும் அப்போது கையிருப்பை அவிழ்க்கத் துணிய மாட்டார். அப்புச்சி கரையில் நின்ற அந்த நாளும் ஜூன்தான், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், புதுப் பையை நனைத்துக்கொண்டு வந்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது.